மண்டோர் போட்ட சத்தம்

எங்கள் வீட்டு ஆண் பூனைக்கு மண்டோர் என்று பெயர்; தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணியை இங்கே மலேசியாவில் அப்படித்தான் சொல்வோம். தோட்டங்களில் பால்மரம், அதாவது ரப்பர், இருந்த காலத்தில் விடியற்காலைப் பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்பு முடிந்ததும், யார் மரத்தை ஒழுங்காக வெட்டியிருக்கிறார்கள், யார் பட்டையைக் காயப்படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே நிரை நிரையாக மண்டோர் நடந்து போவாரே, அதே தோரணையில் இவன் தினமும் காலை ஆறு மணிக்கு வேலியோரம் ஒரு சுற்று வந்து, ஒவ்வொரு பூந்தொட்டியையும் முகர்ந்து பார்த்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து கணக்கு ஒப்படைப்பதைப் போல ஒரே ஒரு முறை 'மாவ்' என்பான். அதற்கு மேல் பேசமாட்டான். ஆகவே இரண்டாண்டுகளுக்கு முன் ஓர் இரவு மூன்று மணிக்குக் குளியலறைப் பக்கமிருந்து அடிவயிற்றிலிருந்து இழுத்து இழுத்து ஒரு சத்தம் வந்தபோது, அது அவனுடைய குரல் என்றே எனக்குத் தெரியவில்லை.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானின், அதாவது குடியிருப்புப் பகுதியின், கடைசி வரிசையில். நான் பிறந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, லயமும் இடிபட்ட பிறகு நாங்கள் டவுனுக்கு வந்தோம். லயத்தில் பூனைகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவை அரிசி மூட்டைக்குக் காவல் என்பதற்கு மேல் அவற்றின் குரலை யாரும் பொருட்படுத்தியதும் இல்லை. பூனை மடியில் படுத்துக் 'கர்ர் கர்ர்' என்றால், அதற்கு நெஞ்சில் இழுப்பு இருக்கிறது, கிட்டே வைத்துக்கொண்டால் உனக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா விரட்டிவிடுவார். இரவில் பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்பது இன்னொரு நம்பிக்கை. தமிழ்ப்பள்ளியில் முப்பத்தொரு ஆண்டுகள் பாடம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்றுப் பூனை வளர்க்கத் தொடங்கிய எனக்குப் பூனைக் குரலைப் பற்றித் தெரிந்திருந்தது அவ்வளவுதான்.

அந்த இரவு நான் எழுந்துபோய்ப் பார்த்தபோது மண்டோர் மணல் தட்டில் குந்தியிருந்தான். வாய் பாதி திறந்தபடியே இருந்தது. சிறு குழந்தை பசியால் அழுது ஓய்ந்து, ஓய்ந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்குமே, அப்படி இருந்தது அந்த ஒலி. என்னைக் கண்டதும் எழுந்து வந்தான், இரண்டடி நடந்தான், திரும்பிப்போய் மறுபடி தட்டில் உட்கார்ந்தான். மலச்சிக்கலாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். என் கணவர் படுக்கையிலிருந்தபடியே, "வெளியே எதாவது பெண் பூனை வந்திருக்கும், படு" என்றார்; அவனுக்குக் கருத்தடை செய்து நான்கு வருடம் ஆகியிருந்தது என்பது எங்கள் இருவருக்குமே அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. காலையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு அந்தப் புறமிருந்து, "டீச்சர், ராத்திரி உங்க பூனை அழுதுச்சே, கோயிலுக்குப் போயி ஒரு அர்ச்சனை பண்ணிடுங்க" என்றார். நான் அர்ச்சனையும் செய்தேன். டவுனில் பூனைத் தீவனம் விற்கும் கடை ஒன்றிலும் போய்க் கேட்டேன். கடைக்காரர் பூனையைப் பார்க்காமலேயே இது பூச்சித் தொல்லைதான் என்று சொல்லி, ஒரு மருந்துப் புட்டியைக் கையில் கொடுத்தார். நானும் வாங்கிவந்து புகட்டினேன். ஒரு முழு நாள் அதில் போயிற்று. மாலையில் மண்டோர் வாந்தியெடுத்தான்; இரவு கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டான். சத்தமும் நின்றுவிட்டது. சத்தம் நின்றதால் தேறிவிட்டான் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன் என்பதை இப்போது எழுதும்போதும் கை கூசுகிறது.

மறுநாள் காலை அவன் கணக்கு ஒப்படைக்க வாசலுக்கு வரவில்லை. அதன் பிறகுதான் காரை எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஈப்போவில் ஒரு கால்நடை மருத்துவரிடம் போனோம். வழியில் கூடைக்குள்ளிருந்து ஒரு முனகல்கூட இல்லை. மருத்துவமனையின் இரும்பு மேசையில் தூக்கி வைத்ததும் மண்டோர் கால்களை உள்ளே மடக்கிக்கொண்டு, கண்களைப் பாதி மூடி, கர்ர் கர்ர் என்று குறுகுறுக்கத் தொடங்கினான். என் உள்ளங்கையில் அந்த அதிர்வு தெரிந்தது. "பாருங்கள் டாக்டர், நன்றாகத்தான் இருக்கிறான், குறுகுறுக்கிறான்" என்றேன். அந்த இளம் பெண் மருத்துவர் பதில் சொல்லாமல் அவன் அடிவயிற்றை இரண்டு விரல்களால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். பழுக்காத எலுமிச்சம்பழம் போலக் கல்லாக இருந்தது. "ஆன்ட்டி, இது மூத்திரப் பை. ஒன்றரை நாளாக ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. பூனை வலியிலும் இப்படிக் குறுகுறுக்கும்" என்றார்.

ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகலானது. நுண்ணிய படிகங்களும் சளி போன்ற கசடும் சேர்ந்து அதில் அடைத்துக்கொண்டால் சிறுநீர் பின்னோக்கித் தேங்கி, சிறுநீரகங்கள் செயலிழந்து, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே தடுமாறிவிடும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாட்களில் பூனை இறந்துவிடும். மண்டோருக்கு மயக்கமருந்து கொடுத்து, மெல்லிய டியூப் செலுத்தி அடைப்பை நீக்கி, மூன்று நாட்கள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். செலவு 640 வெள்ளி (ரிங்கிட்). கடையில் வாங்கிய பூச்சி மருந்தின் விலை 18 வெள்ளி. அந்தப் பதினெட்டு வெள்ளியைத்தான் நான் இன்னும் மறக்கவில்லை.

ஆண் பூனை வளர்ப்பவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: மணல் தட்டுக்கு அடிக்கடி போய்க் குந்தி, சத்தம் போட்டு, மணலை நனைக்காமல் திரும்பி வருகிறது என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. அடிவயிற்றை நாமாக அழுத்திப் பார்க்கவும் கூடாது. நிறைந்திருக்கும் பை உள்ளேயே கிழிந்துவிடக்கூடும். வலியில் முனகுகிறதே என்று இரக்கப்பட்டு வீட்டில் இருக்கும் பாரசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பவர்களை எங்கள் தாமானிலேயே பார்த்திருக்கிறேன். மனிதர்களின் ஈரல் அந்த மருந்தைச் சிதைக்கும் முறையில் பூனையின் ஈரலால் சிதைக்க முடியாது; ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது.

மண்டோர் வீடு திரும்பிய பிறகு, அந்த மேசையில் கேட்ட குறுகுறுப்பு என் மனத்தை விட்டுப் போகவில்லை. அம்மா அதை நோய் என்றார், நான் அதை மகிழ்ச்சி என்று நினைத்திருந்தேன், இரண்டுமே அரைகுறை. குட்டி பிறந்த சில நாட்களிலேயே, பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே குறுகுறுக்கத் தொடங்கிவிடுகிறது. வாய் அடைத்திருக்கும்போதும் 'இங்கே இருக்கிறேன், போய்விடாதே' என்று தாய்க்குச் சொல்ல வசதியான ஒலி அது. வளர்ந்த பிறகு அதே ஒலியை மகிழ்ச்சியிலும் போடுகிறது, அச்சத்திலும் வலியிலும் போடுகிறது. சாகும் தறுவாயில்கூடச் சில பூனைகள் குறுகுறுக்கின்றன. மூச்சை உள்ளே இழுக்கும்போதும் வெளியே விடும்போதும் இடையறாமல் வருவதால்தான் அம்மாவுக்கு அது இழுப்பாகத் தோன்றியிருக்க வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ 25 முதல் 30 அதிர்வுகள். இவ்வளவு சிறிய உடலிலிருந்து இவ்வளவு தாழ்ந்த சுருதி எப்படி வருகிறது என்பது நெடுங்காலமாகப் புதிராகவே இருந்தது. மூளையின் கட்டளையால் குரல்வளைத் தசைகள் விட்டுவிட்டுச் சுருங்குவதால்தான் வருகிறது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 2023-இல் வியன்னாவில் கிறிஸ்டியன் ஹெர்ப்ஸ்ட் என்ற ஆய்வாளரின் குழு, நோயால் கருணைக்கொலை செய்யப்பட்ட பூனைகளின் குரல்வளைகளை உரிமையாளர்களின் இசைவோடு பெற்று, அவற்றினூடாக வெறும் காற்றைச் செலுத்திய போதே அந்தத் தாழ்ந்த ஒலி எழுவதைக் கண்டது. குரல்நாண்களுக்குள் புதைந்திருக்கும் மெத்தை போன்ற திசுக்கள் அவற்றின் அதிர்வை மெதுவாக்குகின்றன என்பது அவர்களின் விளக்கம். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று: ஒலியை உண்டாக்கும் கருவி எந்த மனநிலையிலும் ஒன்றுதான், ஆகவே குறுகுறுப்பு மட்டுமே எதையும் உறுதிப்படுத்தாது. காதுகள் எப்படி இருக்கின்றன, கால்கள் நீட்டியிருக்கின்றனவா மடங்கியிருக்கின்றனவா, சாப்பிட்டதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். மண்டோரின் கால்கள் அன்று மடங்கியிருந்தன. நான் கவனித்தும் பொருட்படுத்தவில்லை.

குறுகுறுப்பில் இன்னொரு வகையும் உண்டு. அதில் தேர்ந்தவள் எங்கள் இளைய பூனை கோப்பி. கறுப்பும் பழுப்புமாக, பால் சரியாகக் கலக்காத கோப்பி நிறம். விடியற்காலை ஐந்தரைக்குத் தலையணையில் ஏறி, என் காதருகே குறுகுறுப்பாள். கேட்பதற்கு இதமான ஒலிதான், ஆனால் அதை வைத்துக்கொண்டு தூங்க முடியாது. ஊசி மாதிரி ஏதோ ஒன்று உள்ளே குத்திக்கொண்டே இருக்கும். இது என் பொறுமைக் குறைவு என்று எண்ணியிருந்தேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் காரன் மெக்கோம்ப் என்பவர், தன்னைக் காலையில் இப்படியே எழுப்பிக்கொண்டிருந்த தன் சொந்தப் பூனையால் தூண்டப்பட்டு இதை ஆராய்ந்திருக்கிறார். 2009-இல் வெளியான அந்த ஆய்வின்படி, உணவு கேட்கும் குறுகுறுப்பின் தாழ்ந்த சுருதிக்குள் குழந்தையின் அழுகையை ஒத்த ஓர் உயர்ந்த சுருதி ஒளிந்திருக்கிறது. பூனை வளர்த்தே அறியாதவர்கள்கூட அதைக் கேட்டு, இது அவசரமாகவும் இதமற்றும் ஒலிக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். கோப்பியின் முன்னால் நான் தோற்றுப்போவதில் வியப்பில்லை. ஆனாலும் ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். அந்தக் குறுகுறுப்புக்கு உடனே எழுந்து தட்டை நிரப்பினால், மறுநாள் அது ஐந்தேகாலுக்கு வரும். இப்போது எழுந்ததும் முதலில் பல் துலக்கி, கோப்பி கலக்கி, அதன் பிறகே அவள் தட்டைத் தொடுகிறேன். நேரம் மறுபடி ஐந்தரைக்குத் திரும்ப மூன்று வாரம் ஆயிற்று.

'மியாவ்' என்பதைத்தான் பூனையின் மொழி என்று முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உண்மையில் வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் அப்படி அதிகம் பேசிக்கொள்வதில்லை. குட்டி தாயைக் கூப்பிடும் ஒலி அது. வளர்ந்த பிறகு நம்மிடம் மட்டும் தொடர்கிறது. மண்டோரும் கோப்பியும் ஒரே பாயில் படுத்தாலும் ஒருவரையொருவர் 'மியாவ்' என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. மில்ட்ரெட் மோல்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1944-இல் வீட்டுப் பூனையின் ஒலிகளைப் பதினாறு வகையாகப் பிரித்து, அவற்றை வாயின் நிலையைக் கொண்டு மூன்று கூட்டமாக்கினார்: வாயை மூடியபடி எழுப்புபவை, திறந்த வாயை மெல்ல மூடியபடி எழுப்புபவை, திறந்த வாயை விறைப்பாக வைத்தபடியே எழுப்புபவை. எண்பது ஆண்டுகள் ஆகிவிட்டன, ஆனாலும் வீட்டில் பூனை வைத்திருப்பவருக்கு இதைவிட எளிய அளவுகோல் கிடையாது. மூடிய வாயிலிருந்து வருவது பெரும்பாலும் நட்பு. மூடிக்கொண்டே வருவது ஏதாவது ஒரு கோரிக்கை. திறந்த வாய் மூடாமலேயே இருந்தால் சினம், அச்சம், வலி ஆகியவற்றுள் ஒன்று. அன்றிரவு மண்டோரின் வாய் மூடவில்லை.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் சுசான் ஷோட்ஸ் என்ற ஒலியியல் அறிஞர் மியாவ்களின் ராகத்தை ஆராய்ந்தவர். உணவுக்காகக் கத்தும்போது சுருதி முடிவில் ஏறுவதையும், மருத்துவரிடம் போகும்போது முடிவில் இறங்குவதையும் அவர் பதிவுசெய்திருக்கிறார். படித்ததும் நான் சோதித்துப் பார்த்தேன். மீன் வேகும்போது கோப்பியின் 'மியாவ்' கேள்விக்குறி போட்டதைப் போல மேலே போய் நிற்கிறது. கூடையை அலமாரியிலிருந்து எடுத்தால் வாக்கியத்தின் நடுவில் மூச்சு விட்டதைப் போலக் கீழே இறங்குகிறது. இலக்கணம் நடத்திய பழக்கத்தால் இதற்கெல்லாம் எனக்கு மகிழ்ச்சி கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிடுகிறது.

கோப்பியிடமிருந்துதான் விசித்திர ஒலிகள் அதிகம். வெளியே போய்த் திரும்பும் என்னைப் பார்த்ததும் நாக்கை உருட்டுவதைப் போலத் தொண்டைக்குள் 'ப்ர்ர்ர்ப்' என்று ஒரு சிறு ஒலி. தாய்ப் பூனை குட்டிகளைத் தன் பின்னே வரச் சொல்லும் ஒலி இது. முதலில் அவளுக்குச் சளி என்று நினைத்து நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். இப்போது நானும் அதே ஒலியை எழுப்ப முயல்கிறேன். அவள் நின்று, திரும்பிப் பார்த்து, என் உச்சரிப்பை மன்னித்துவிட்டு வருகிறாள். இன்னொன்று பல்லியைப் பார்க்கும்போது வருவது. மாலையில் வரவேற்பறைக் குழல்விளக்கைச் சுற்றிப் பல்லிகள் கூடும் நேரத்தில், கோப்பி நாற்காலி முதுகில் ஏறிக் கழுத்தை நீட்டி, கண்மணி முழுவதும் கறுத்து விரிய, தாடை கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள, 'க-க-க-க' என்று குளிரில் நடுங்குபவரைப் போல ஓர் ஒலி எழுப்புவாள். மீசை முன்னால் வளைந்திருக்கும், வால் நுனி மட்டும் துடிக்கும். வலிப்பு வந்துவிட்டது என்று என் கணவர் ஒரு தடவை தண்ணீர் தெளித்தே விட்டார். ஜன்னலுக்கு வெளியே மைனா வந்தாலும் இதே கச்சேரிதான். கிடைக்காத இரையைக் கண்ட தவிப்பு என்கிறார் ஒருவர், கழுத்தைக் கவ்விக் கொல்லும் கடியின் ஒத்திகை என்கிறார் இன்னொருவர். பிரேசில் காட்டில் மார்கே என்னும் காட்டுப்பூனை, தான் வேட்டையாடும் சிறு குரங்கின் குட்டி கூப்பிடுவதைப் போலவே குரல் கொடுத்ததை ஆய்வாளர்கள் 2005-இல் நேரில் பார்த்துப் பதிவுசெய்திருப்பதால், இரையைப் போலவே குரல் கொடுக்கும் தந்திரமாக இருக்கலாம் என்பாரும் உண்டு. எங்கள் வீட்டுப் பல்லிகள் இதுவரை ஏமாறவில்லை. எதுவானாலும், அந்த ஒலியைப் போட்டுக்கொண்டிருக்கும் பூனையைத் தூக்கக் கூடாது. நம் கையே இரையாகிவிடும். எனக்கு இரண்டு தழும்புகள் இருக்கின்றன.

மூன்றாவதாக, இரவு பதினொரு மணிக்கு மேல் நடைக்கூடத்தில் அவள் எழுப்பும், வாயில் துணி அடைத்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதைப் போன்ற ஒலி. முதல் முறை கேட்டபோது, மண்டோர் அனுபவத்தால் காரின் சாவியையே எடுத்துவிட்டேன். வந்து பார்த்தால் என் கணவரின் சுருட்டிய காலுறை ஒன்றைக் கவ்விக்கொண்டு நிற்கிறாள். வேட்டைப்பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும்போது பூனைகள் இப்படித்தான் அறிவிக்கின்றன. காலுறைக்கும் எலிக்கும் அவள் குரலில் வேறுபாடு இல்லை என்பதை வெறுங்காலால் மிதித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே அந்த ஒலி கேட்டால் முதலில் விளக்கைப் போட வேண்டும். செம்பனையை ஒட்டி வாழ்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். தோட்டங்களில் எலிக்கு விஷத் துண்டுகள் போடுகிறார்கள். அதைத் தின்று தள்ளாடும் எலிதான் பூனையிடம் எளிதில் சிக்கும், தின்ற பூனைக்கு உள்ளுக்குள் இரத்தம் கசியலாம். கொண்டுவந்த எலியைப் பிடுங்கிப் புதைத்துவிடுகிறேன். அடுத்த சில நாட்களுக்கு ஈறு வெளுக்கிறதா, மூச்சு வாங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

கோப்பிக்கு ஆறு மாதம் இருக்கும்போது, கருத்தடைக்கு முன், ஒரு வாரம் தரையில் உருண்டு, பின்புறத்தைத் தூக்கிக்கொண்டு அலறினாள். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது என்று நான் பதறினேன். நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடும் எதிர் வீட்டு மலாய்க்கார அம்மா வந்து பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். பகல் நீண்டிருக்கும் பருவத்தில்தான் பெண் பூனைக்குச் சினை வேட்கை வரும். குளிர் நாடுகளில் மழையும் பனியும் மூடிய மாதங்களில் அது ஓய்ந்திருக்கும். நம் நாட்டில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் என்பதால் ஓய்வே கிடையாது. கருத்தடையைத் தவிர வேறு மருந்தில்லை. அந்த மாக்சிக்கிடமும் நீலக்கண் வெள்ளைப் பூனை ஒன்று உண்டு; தெருவே கேட்கும்படி கத்தும். அதற்குக் காது கேட்காது, தன் குரலும் கேட்காததால் அளவு தெரியவில்லை. வெள்ளை ரோமமும் நீலக் கண்ணும் சேர்ந்த பூனைகளில் பிறவிச் செவிடு மிகுதி. அதைப் பின்னாலிருந்து தொட்டால் சீறும். அவர்கள் வீட்டில் தரையைக் காலால் லேசாகத் தட்டிவிட்டுத்தான் கிட்டே போகிறார்கள்.

எங்கள் பூனைகள் மூன்றுக்கும் வால் பாதிதான், அதுவும் நுனியில் முடிச்சுப் போட்டது போல மடங்கியிருக்கும். மலாய்த் தீவுகளிலும் சயாமிலும் பர்மாவிலும் உள்ள பூனைகளுக்கு வால் இப்படிக் குட்டையாக, பெரும்பாலும் நுனியில் முடிச்சோடு இருப்பதைச் சார்ல்ஸ் டார்வினே 1868-இல் எழுதியிருக்கிறார். நீண்ட வால் உள்ள பூனையின் மனநிலையைத் தூரத்திலிருந்தே படித்துவிடலாம். நம் ஊர்ப் பூனையிடம் அந்தப் பேச்சு பாதி முழுங்கப்பட்டுவிடுகிறது. ஆகவே நமக்குக் குரலும் காதும்தான் மிச்சம் என்பது என் சொந்தக் கருத்து.

மூத்தவள் சின்னாத்தாவின் கதையையும் சொல்ல வேண்டும். பதினான்கு வயதில் அவள் நள்ளிரவுக்கு மேல் வெற்றுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, நீளமாக, ஏற்ற இறக்கமில்லாமல், 'ஆஆவ்வ்' என்று கூப்பிடத் தொடங்கினாள். "வயசாயிடுச்சு, பாட்டிங்க மாதிரி புலம்புது, விடு" என்றார் என் கணவர். முதுமை உண்மைதான், பூனைக்கும் மூளை தளர்ந்து இரவு பகல் குழம்பும். ஆனால் மண்டோர் விஷயத்தில் ஒரு நாளைக் கடையில் தொலைத்தவள் நான். இம்முறை சமையலறைத் தராசில் அவளை நிறுத்தேன். இரண்டு வேளை தின்றும் மறுபடி கேட்கிறாள், எடை மட்டும் மூன்று மாதத்தில் நாலரைக் கிலோவிலிருந்து மூன்றரைக்கு வந்திருந்தது. இரத்தப் பரிசோதனையில் தைராய்டு சுரப்பி மிகையாகச் சுரப்பது தெரிந்தது. பத்து வயதுக்கு மேற்பட்ட பூனைகளில் இது அரிதல்ல. இதோடு இரத்த அழுத்தமும் ஏறினால் விழித்திரை பிரிந்து திடீரென்று பார்வை போய்விடும். காலையும் மாலையும் ஒரு சிறு மாத்திரை. நெத்திலிக் கருவாட்டின் வயிற்றைப் பிளந்து உள்ளே வைத்தால் கேள்வி கேட்காமல் விழுங்குகிறாள். நான்காவது வாரத்தில் இரவுக் கூப்பாடு பாதியாகக் குறைந்தது. நடைக்கூடத்தில் ஐந்து வாட் விளக்கொன்றை இரவெல்லாம் எரியவிட்ட பிறகு இன்னும் குறைந்தது. முதிய பூனை இரவில் கத்தினால் அதட்டுவதில் பயனில்லை; தராசும் இரத்தப் பரிசோதனையுமே முதல் வேலை.

இருமலைப் பற்றி ஒரு சொல். பூனை முடியுருண்டையைக் கக்கும்போது வயிறு உள்ளே இழுத்து இழுத்து, கடைசியில் ஏதாவது வெளியே விழும். தரையோடு பதுங்கி, கழுத்தை முன்னே நீட்டி இருமி, எதுவும் வெளியே வராமல் போனால் அது ஆஸ்துமாவாக இருக்கலாம். இரண்டையும் வாயால் விவரித்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே இப்போதெல்லாம் மூவரில் யார் புதிதாக எந்தச் சத்தம் போட்டாலும் முதலில் கைப்பேசியில் படம் எடுக்கிறேன். மருத்துவமனை மேசையில் எந்தப் பூனையும் வீட்டில் போட்ட சத்தத்தைத் திருப்பிப் போடாது. முப்பது நொடிக் காணொளியைக் காட்டினால் மருத்துவருக்கு என் விளக்கமே தேவைப்படுவதில்லை.

சமையலறையில் மளிகைக் கடையில் கொடுத்த பெரிய நாட்காட்டி தொங்குகிறது. பிரதோஷமும் கிருத்திகையும் அச்சிட்ட கட்டங்களுக்குள் பென்சிலால் குறிக்கிறேன்: மண்டோர் எத்தனை தடவை மணலை நனைத்தான், சின்னாத்தாவின் எடை, யார் எப்போது என்ன சத்தம். மண்டோருக்குக் காய்ந்த பூனை பிஸ்கட்டைக் குறைத்து, வேகவைத்த கெம்போங் மீனின் தண்ணீரை ஊற்றிய ஈரத் தீவனம்; வீட்டில் நான்கு இடங்களில் தண்ணீர்ச் சட்டி. அவன் ஒரு நாளைக்கு ஒரு 'மாவ்' என்ற கணக்கை மாற்றவில்லை. சென்ற வியாழக்கிழமை மட்டும் மணல் தட்டிலிருந்து இறங்கும்போது, வாய் மூடியபடி, கோப்பியைப் போல 'ப்ர்ர்ப்' என்றான். தட்டைக் கிளறிப் பார்த்தேன். மணல் நன்றாக நனைந்திருந்தது. நேரத்தைப் போட்டுக் குறித்து வைத்திருக்கிறேன்.